ரெண்டு தரத்தோடு நின்ற ஏலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். இது வழக்கமாக ஒப்புக்கு எழுதுகிற சுகம் இல்லை, இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்த சுகம். நீயும் அதே மாதிரி சுகமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு இருக்கிறாயா என்று தெரிய வேண்டும். நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்பது ஃபோனில் உன் 'ம்' சத்தத்திலேயே தெரிந்துபோயிற்று. "உங்ககிட்ட கேட்டா ஏலம் விடுற மாதிரி ஏத்தி ஏத்திச் சொல்லுவீங்க, அம்மாகிட்ட கேட்டா ஒண்ணுமில்லடின்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க, உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டாய். சரி தாயே, எழுதுகிறேன். சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே அம்மா காய் நறுக்கிக்கொண்டே நான் எங்கேயாவது ஏற்றிச் சொல்கிறேனா என்று ஒரு கண் வைத்திருக்கிறாள். கையில் கத்தி வேறு இருக்கிறது, அதனால் எழுதுவதெல்லாம் உண்மை.

முதலில் வீட்டு விசேஷங்களைச் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உன் அறையில் உன் சித்தப்பா, விலைபோகாத சுவர்க் கடிகாரங்களைக் கொண்டுவந்து அடுக்கிவைத்திருக்கிறான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டுகிறது, உள்ளே போனால் எந்த வேளைக்குச் சாப்பிடுவது என்றே தெரியவில்லை. கேட்டால், "கூடத்துல இடமில்ல அண்ணே, கொஞ்ச நாள்தான்" என்கிறான். ஏலக்கூடத்தில் பாதி அவனுடையது, வாய் மட்டும் முழுக்க என்னுடையது, அதனால் பொறுத்துப்போகிறேன். அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். ஆமாம், உன் அம்மாதான். ஆம்புலன்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனபோதே முடிவெடுத்துவிட்டாளாம், இனிமேல் எவனுக்காகவும் காத்திருக்க முடியாது என்று. சொல்லிக்கொடுக்கிறவர் பாவம், வண்டியை விட்டு இறங்கும்போது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்.

இனி என் நெஞ்சுக்கு வருகிறேன். உன் அப்பா ஒரு சாமானை ஆரம்பித்தால் 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்று சுத்தியைத் தட்டும்வரை மூச்சே விடமாட்டான் என்று நீயே உன் தோழிகளிடம் பீற்றிக்கொண்டவள். அந்த ஓட்டம் கொஞ்ச காலமாகவே குறைந்துகொண்டு வந்தது. நடுநடுவே நிறுத்துவேன். நிறுத்தின இடத்தில் ஒரு ஜோக் சொல்வேன், கண்ணாடியைத் துடைப்பேன், ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். வேடிக்கை என்னவென்றால், நான் நிறுத்தினால் கூடத்தில் இருக்கிறவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. ஐயோ அவன் கொண்டுபோய்விடுவானோ என்று நெளிந்து, அவர்களாகவே விலையை ஏற்றிவிடுவார்கள். உன் சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். "அண்ணே, நீங்க நடுவுல விடுற கேப்பு இருக்கே, அதுதான் நம்ம தொழிலே" என்று மெச்சினான். வேறு ஏலக்காரர்கள் இரண்டு பேர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து என் நிறுத்தலைக் கற்றுக்கொண்டு போனார்கள் என்றால் பாரேன். எனக்கும் தலை கால் புரியவில்லை, வயசானாலும் வித்தை கூடிக்கொண்டே போகிறது என்று நினைத்துக்கொண்டேன். மாடி அறையில் வெக்கை அதிகம் என்று சொல்லிக் கட்டிலைக் கீழே போட்டுக்கொண்டேன், காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தெருமுனைப் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். வெக்கையும் இல்லை, காற்றும் இல்லை, மூச்சு வாங்கியிருக்கிறது. எனக்கே தெரியாமல் நான் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

அன்றைக்கு ஏலத்துக்கு வந்தது ஓர் ஆளுயரக் கண்ணாடி. மூடிப்போன தையல் கடையில் இருந்து வந்தது, தேக்குச் சட்டம், ஒரு கீறல் கிடையாது. கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் லாட்ஜ்காரர், உனக்குத்தான் தெரியுமே, காதைத் தொட்டுத் தொட்டு விலை கேட்பார், நாங்கள் எல்லாரும் 'காது' என்றே கூப்பிடுவோம். இன்னொருவர் நடனம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், வகுப்பில் பிள்ளைகள் தங்கள் கால் போகிற இடத்தைப் பார்க்கக் கண்ணாடி வேண்டுமாம், இதற்கு முன்னால் மூன்று தடவை வந்து வெறுங்கையோடு போனவர். போட்டி சூடு பிடித்தது. நானும் விடாமல் ஏற்றிக்கொண்டே போனேன். திடீரென்று நெஞ்சில் யாரோ கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது, பேச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அந்தக் கண்ணாடியில் ஒரு ஆள் தெரிந்தான், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போய். அட, யார்ரா இவன், பார்த்தாலே பாவமாக இருக்கிறானே என்று நினைத்தேன். சட்டையைப் பார்த்தபிறகுதான் அது நான் என்று தெரிந்தது. ஆனால் கூடமோ, ஆகா, அண்ணன் நிறுத்தலைப் போட்டுட்டாருடா என்று உஷாராகிவிட்டது! காது காதைத் தொட்டார், டீச்சர் கையைத் தூக்கினார், மறுபடியும் காது, மறுபடியும் டீச்சர். நான் விழுந்துகொண்டிருக்கிறேன், விலை ஏறிக்கொண்டிருக்கிறது. என் தொழில் வாழ்க்கையிலேயே வாயைத் திறக்காமல் நான் இவ்வளவு விலை ஏற்றியது அன்றைக்குத்தான். எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு டீச்சர் கேட்ட விலைக்கு 'ஒரு தரம், ரெண்டு தரம்' வரைக்கும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

கை நழுவிச் சுத்தி தரையில் விழுந்திருக்கிறது. நம் கேஷியர் அம்மாதான் முதலில் கத்தியிருக்கிறாள், "சுத்தியைக் கீழ போடுற ஆளாய்யா அவரு, ஓடிப்போய்ப் பிடிங்க!" என்று. அவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், அதுவரைக்கும் ஒருத்தனும் நாற்காலியை விட்டு அசையவில்லையாம். ஆம்புலன்ஸுக்கும், அம்மாவை அழைத்துவர ஒரு ஆட்டோவுக்கும் ஃபோன் போட்டு, என் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, விசிறிக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்டம் ஓரமாக நின்று, சுத்தி விழுந்த சத்தம் கேட்டதால் கண்ணாடி விற்றதாகக் கணக்கா இல்லையா என்று வாக்குவாதம் பண்ணியிருக்கிறது. மேசையில் விழுந்தால்தான் செல்லும், தரையில் விழுந்தால் செல்லாது என்று உன் சித்தப்பா, கண்ணில் தண்ணீர் வழிய என் தலையை மடியில் வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னானாம். நம் கூடத்து ஆட்களை என்னவென்று சொல்வது போ.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வந்தாள், உன் வயசுதான் இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள், பிறகு கழுத்தில் வைத்தாள், மறுபடியும் நெஞ்சு. நான் சும்மா இருக்காமல் கண்ணாடிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் பேசாம இருங்கய்யா, உள்ள வேற யாரோ பேசுறாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு, அவள் சிரிக்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா என்றாள், இல்லை என்றேன். நடந்தால்? இல்லவே இல்லை என்றேன். அவள் விடவில்லை, மாடியில் கடைசியாக எப்போது ஏறினீர்கள் என்று கேட்டாள். அம்மாதான் மெதுவாகச் சொன்னாள், "கட்டிலைக் கீழ போட்டதுல இருந்து ஏறலம்மா". அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது, பெஞ்சு, தண்ணீர், நடுவில் விடுகிற நிறுத்தல். நிறுத்தலைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பொண்ணு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அது உங்க வித்தை இல்லய்யா, உங்க வால்வு" என்றாள். சொல்லக் கூடாது, எனக்கு மயக்கம் போட்டதைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

பிறகு எக்கோ எடுத்தார்கள். ஜில்லென்று ஒரு பசையைத் தடவி, நெஞ்சில் கருவியை வைத்து அழுத்தினால் டிவியில் தெரிகிற மாதிரி இதயம் தெரிகிறது. இதயத்தில் இருந்து உடம்புக்கு ரத்தம் வெளியே போகிற வாசலில் ஒரு வால்வு, மூன்று சின்ன இதழ் மாதிரி. ஒவ்வொரு துடிப்புக்கும் விரியத் திறந்து மூட வேண்டும். எனக்கு அதில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டு, ஒரு கீற்றுதான் திறக்கிறது. அந்தக் கீற்று வழியாக ரத்தத்தைத் தள்ளத் தள்ள இதயத்தின் சுவரெல்லாம் தடித்துப்போயிருக்கிறதாம். மாத்திரை கொடுத்துக் கரைக்க முடியாதா என்று அம்மா கேட்டாள். முடியாது, வால்வைத்தான் மாற்ற வேண்டும், மயக்கம் வர ஆரம்பித்தபிறகு தள்ளிப்போடுவது ஆபத்து என்று பெரிய டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அம்மா முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்த டாக்டரம்மா, என்ன நினைத்தாளோ, ஸ்டெதாஸ்கோப்பை அம்மா காதில் மாட்டி என் நெஞ்சில் வைத்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். "மரம் அறுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து நான் சொல்கிறதை அவள் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான். இதைப் படித்துவிட்டு இப்போது முறைக்கிறாள்.

இரண்டு வழி இருக்கிறது என்றார்கள். நெஞ்சைத் திறந்து மாற்றுவது ஒன்று, தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மேலே கொண்டுபோய்ப் பொருத்துவது இன்னொன்று. இதய டாக்டரும் ஆபரேஷன் டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள், ஸ்கேன் எடுத்து வால்வின் அளவு, தொடைக் குழாயின் அளவு எல்லாம் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி எடுத்தார்கள், என் வயசுக்குத் தொடை வழியே சரி என்று முடிவானது. அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை, பக்கவாதம் வரலாம், துடிப்புக்குத் தனியாகக் கருவி வைக்க வேண்டிவரலாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், குரல் போகுமா? போகாது என்றார் இதய டாக்டர். புது வால்வு மாட்டின் இதய உறையில் செய்ததாம். அம்மா சட்டென்று, "இத்தனை வருஷம் மாடு மாதிரி கத்தினதுக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்" என்றாள். டாக்டர் சிரித்தாரே ஒரு சிரிப்பு! இதற்கு நடுவில் பல் டாக்டரிடம் வேறு அனுப்பினார்கள், பல்லில் சீழ் இருந்தால் கிருமி ரத்தத்தில் ஏறிப் புது வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். பின்பக்கத்துக் கடைவாய்ப்பல் ஒன்று போயிற்று. நெஞ்சைக் காட்டப் போய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தப் பக்கம் கண்ணாடி ரெண்டு தரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நம் கூடத்து முறை உனக்குத் தெரியும், சாமானை ஆரம்பித்தவர்தான் முடிக்க வேண்டும், வேறு ஆள் ஏறினால் முதலில் இருந்து கேட்க வேண்டும். சித்தப்பா ஏறத் தயாராகத்தான் இருந்தான். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை, "அவரு வந்து அவரு வாயால மூணு சொல்லட்டும், நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். காதும், நானும் காதைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறை. டீச்சர் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். "நீங்க விழறது தெரியாம கையைத் தூக்கிட்டேங்க" என்று அழுதுவிட்டார். நீங்கள் தூக்காவிட்டால் தொழிலுக்கு அவமானம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் போனபிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான் திரும்பி வருவேன் என்று ஒரு கண்ணாடியைப் பூட்டிவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களே, வராமல் போனால்?

இனிமேல் எழுதப்போவதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லிக்காட்டினேன், ஏற்றிச் சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டாள். வால்வு வைத்த அன்று என்னை முழுசாகத் தூங்க வைக்கவில்லை, அரைத் தூக்கம். மடக்கின குடை மாதிரி வால்வைச் சுருட்டி, மெல்லிசுக் குழாயில் வைத்துத் தொடை வழியாக மேலே அனுப்பினார்கள். சரியான இடத்தில் வந்ததும் விரிக்க வேண்டும். விரிக்கிற நேரத்தில் இதயம் உதைத்துத் தள்ளிவிடக் கூடாது என்று, அதை வேண்டுமென்றே படுவேகமாகத் துடிக்க வைப்பார்கள், அந்தச் சில வினாடி ரத்தம் சரியாக ஓடாது, தலை கிறுகிறுக்கும், பயப்படாதீர்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பயப்படாமல் எப்படி இருக்கிறது? கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது நான் சத்தமாக 'ஒரு தரம்' என்றேனாம். பிறகு 'ரெண்டு தரம்' என்றேனாம். அங்கே இருந்த நர்ஸ் பொண்ணுகள் எல்லாம் மூணாவதுக்குக் காத்திருக்கிறார்கள், நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். டாக்டர் வெளியே வந்து அம்மாவிடம், "மூணு சொல்றதுக்குள்ள வெச்சு முடிச்சுட்டோம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அவருக்குத் தெரியாது பாப்பா, நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. மூணு சொன்னால் முடிந்துபோகும். சாமான் கை மாறிவிடும், பிறகு யார் கேட்டாலும் கிடையாது. எத்தனை ஆயிரம் தடவை தட்டியிருக்கிறேன், அந்த வார்த்தைக்கு இவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குப் போக மனசில்லை. அந்த இருட்டில் எனக்கு ஞாபகம் வந்தது கூடமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது குளிக்கக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாய். நான் வாசலில் நின்று 'ஒரு தரம்' என்பேன், ஒரு கால் வெளியே வரும். 'ரெண்டு தரம்' என்பேன், குடுகுடுவென்று ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்வாய். அந்தக் கால் சத்தத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே வராந்தாவில் நடக்க விட்டார்கள். டாக்டரம்மா மறுபடியும் அம்மா காதில் மாட்டிவிட்டாள், இந்தத் தடவை அம்மா கேட்டுவிட்டு, "மரம் அறுக்கிறவன் போயிட்டான்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். இப்போது மாடிக்கு ஏறுகிறேன், கட்டில் மேலே போய்விட்டது. தினமும் ஒரு மாத்திரை, நடை, பல்லில் கை வைப்பதற்கு முன்னால் டாக்டரைக் கேட்க வேண்டும், பர்ஸில் எப்போதும் வால்வு அட்டை, இவ்வளவுதான் பத்தியம். நல்லபடியாகத் தேறிவிட்டேன் என்று சொன்னபிறகுதான் கூடத்துக்குப் போனேன். அம்மாவும் வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கையைத் தூக்கினால் விலை கேட்டதாக அர்த்தம், கட்டிக்கொண்டு உட்காருங்கள் அண்ணி என்று சித்தப்பா மிரட்டி வைத்திருந்தான். கண்ணாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். எட்டிப் பார்த்தேன், கொஞ்சம் இளைத்திருக்கிறான், ஆனால் முகத்தில் ரத்தம் ஓடுகிறது. ரெண்டு தரம் என்று விட்ட இடத்தில் இருந்து எடுத்தேன். எடுத்துவிட்டு நிறுத்தினேன். கேஷியர் அம்மா பாதி எழுந்துவிட்டாள். மூச்சு வாங்கவில்லை பாப்பா, சந்தோஷத்தில்தான் நிறுத்தினேன். அம்மாவைப் பார்த்தேன், கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், எடுத்தால் டீச்சர் கண்ணாடி போய்விடுமே! 'மூணு தரம்' என்று சொல்லி மேசையில் தட்டினேன். காதுதான் முதலில் கை தட்டினார். அதற்குப் பிறகு ஏலத்துக்கு வந்த நாற்காலிகளை ஒரே மூச்சில் விற்றுத் தள்ளினேன், "அண்ணே, பழைய மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க, யோசிக்கவே விடமாட்டேங்கறீங்க" என்று எல்லாரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இவர்களைத் திருப்திப்படுத்த முடியுமா?

நீ உடனே கிளம்பி வருகிறேன் என்றபோது வேண்டாம் என்று தடுத்தது அம்மா இல்லை, நான்தான். நீ வந்து கட்டில் பக்கத்தில் நின்றால் விஷயம் பெரிசு என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். அதற்குத்தான் இந்தக் கோபம் என்றால், திட்டித் தீர்த்துக்கொள், நேரில் வந்து திட்டு. நீயும் ஒருநாள் டாக்டரிடம் போய் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துக்கொள், அலட்சியம் வேண்டாம். நன்றாகச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு பின்னாதே. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். உன் லீவு எப்போது ஆரம்பிக்கிறது என்று எழுது, அதற்குள் உன் அறையில் இருந்து கடிகாரங்களை எடுக்கச் சொல்கிறேன். போன வருஷம் வா என்று கூப்பிட்டேன், அது ஒரு தரம். இப்போது கூப்பிடுகிறேன், இது ரெண்டு தரம். இதுவரைக்கும் உன்னிடம் மூணாவது சொல்ல வேண்டியதே வந்ததில்லை.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா